ஒரு கத்திக்கு ஒரு பேர்

கரும்பு வெட்டில் ஒரு கத்திக்கு ஒரு பேர்தான். ஆள் ரெண்டு. ஒருத்தி முன்னால் குனிந்து அடிக்கரும்பை வெட்டிக்கொண்டே போவாள். இன்னொருத்தி பின்னால் வந்து காய்ந்த சோகையை உரித்து, நுனிக் கொழுந்தாடையைக் கழித்து, கட்டாகக் கட்டிப் போடுவாள். அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து மேஸ்திரி வெங்கடேசன் தன் நோட்டில் ஒரு பேர்தான் எழுதுவான். எட்டு வருசமாக அவன் எழுதுகிற பேர் பூமாலை. கூட நிற்கும் பெரியம்மாளின் பேர் அந்த நோட்டில் ஒரு நாளும் வந்ததில்லை. பெரியம்மாள் அதைக் கேட்டதும் இல்லை. "பூமாலன்னா நானுந்தானடி" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விடுவாள்.

அந்தப் பழக்கம்தான் தன் கையைப் பிடித்து இழுத்துவிட்டது என்று பூமாலை பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் நிற்கவில்லை. பழக்கத்தில் செய்வது வேறு, தெரிந்தே செய்வது வேறு என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

பூமாலை எழுத்து கற்றுக்கொண்டது நாற்பத்தோராவது வயதில். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம், அவர்கள் காலனிப் பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு என்று ஆரம்பித்தார்கள். பதினெட்டு பெண்கள் சேர்ந்தார்கள். அணைத் தண்ணீர் விட்டு நடவு வந்ததும் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். பெரியம்மாளும் நின்றுவிட்டாள். "கத்தி புடிச்ச கைக்குப் பென்சிலு நிக்கமாட்டங்குதுடி. அது பாட்டுக்கு வழுக்கிக்கினு போவுது. நீ படி. ஜோடில ஒருத்தி படிச்சா போதும்."

பூமாலை விடவில்லை. முதலில் பஸ் போர்டு. அப்புறம் சுவரில் எழுதியிருக்கும் விளம்பரம், உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை. படிக்கத் தெரிந்த பிறகு எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகள் தனுஷாவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் செத்துப்போன மாட்டைப் பற்றி எழுதினாள், பக்கத்து வூட்டுக் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதினாள். வெட்டிலிருந்து வந்தால் உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி கிடக்கும். எழுதுகிற அந்த அரை மணி நேரம் மட்டும் இடுப்பு வலி மறந்திருக்கும்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கள்ளக்குறிச்சி கல்லூரியில் ரெண்டாம் வருசம் படிக்கும் தனுஷா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ம்மா, கள்ளக்குறிச்சி மண்டபத்துல தலித் எழுத்தாளர் மாநாடு நடக்கப்போவுது. போன்லயே பதிவு பண்ணலாம். எழுதறவங்க மேடையில படிக்கலாமாம்."

"நான் இன்னா எழுத்தாளரா?"

"எழுதற இல்ல? அப்பறம் உன்ன இன்னா தச்சருன்னா கூப்புடுவாங்க?"

பூமாலை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அதையே நினைத்துப் பார்த்தாள். தன் பேரை ஒருவர் மைக்கில் சொல்வது. தான் எழுந்து போவது. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது போகவும் இல்லை.

நோட்டில் அவள் எழுதியது மூன்று இருந்தன. மாடு, குழாயடிச் சண்டை, அப்புறம் மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் நன்றாக வந்திருந்தது. ஆனால் அது அவளுடையது இல்லை.

கரும்புத் தோட்டத்தில் முகம் பார்த்துப் பேச்சு நடக்காது. முன்னால் போகிறவள் தரையைப் பார்த்துப் பேசுவாள், பின்னால் வருகிறவள் அவள் முதுகைப் பார்த்துக் கேட்பாள். அதனாலேயே வேறெங்கும் சொல்ல வராதது அங்கே வாயில் வந்துவிடும். போன வருசம் மாசியில் அப்படித்தான் பெரியம்மாள் சொன்னாள்.

பதினைந்து வருசத்துக்கு முன்னால் நடந்தது. பெரியம்மாளின் புருசன் பண்ணையாளாக இருந்த, ஊர்த்தெருப் பெரிய வூட்டில் லட்சுமியம்மாள் என்ற வயசான அம்மா விடியற்காலையில் செத்துப்போனாள். அந்த வூட்டில் சாவு விழுந்தால் காலனிப் பெண்கள் போய்த் தெருவில் உட்கார்ந்து மாரடித்து அழ வேண்டும். அது வழக்கம். கூப்பிட ஆள் வந்து வாசலில் நிற்கிறான். அதே நேரம் களமருதூரிலிருந்து அண்ணன் பச்சமுத்துவின் போன். பெத்தவள் ரங்கம்மாள் போய்விட்டாள் என்று. பெரியம்மாள் போனை வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. பெரிய வூட்டுத் தெருவுக்குப் போய் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதாள். பஸ் மாறி மாறிக் களமருதூர் போய்ச் சேர்ந்தபோது புதைத்த குழிமேல் மண்கூடக் காய்ந்திருந்தது. "சேதி லேட்டா வந்துச்சி" என்று அண்ணனிடம் பொய் சொன்னாள். பச்சமுத்து தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால், "நான் வெடியறதுக்குள்ள போன் பண்ணியிருக்கணும் பாப்பா, என் தப்பு" என்று ஆரம்பித்துவிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெரியம்மாள் கத்தியை நிறுத்தினாள். ஆனால் திரும்பவில்லை.

"அங்க குந்திக்கினு யாருக்கு அழுதன்னு நெனைக்கற? எங்கம்மாவுக்குன்னா? இல்லடி. அந்த லட்சுமியம்மாளுக்குத்தான் அழுதன். நெசமா. பதினாலு வயசுல என்ன ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டு, இருக்கறாளா செத்தாளான்னு ஒரு நாள் வந்து பாக்காதவ எங்கம்மா. இந்தம்மா கொல்லப்பக்கமா நிக்கவெச்சித்தான் கூழு ஊத்தும். ஆனா நான் புள்ள பெத்துக் கெடந்தப்ப மூணு மாசம் பாலு ஊத்துனுச்சி. எங்கம்மா ஞாபகமே வரலடி அன்னிக்கு. இது வரைக்கும் அவளுக்கு நான் அழல. யாருகிட்டயும் சொல்லிடாத."

பூமாலை யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். 'நான்' என்று போட்டு எழுதினாள். ஊர்ப் பேர், ஆள் பேர் எதையும் போடவில்லை. நோட்டு பெட்டிக்குள்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

மாநாடு என்றதும் அந்த நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் பென்சில் நின்றது. எல்லாரும் நம்ம ஜனமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில், பெரிய வூட்டுக் கிழவிக்கு மனசார அழுதேன் என்று எப்படிப் படிப்பது? காறித் துப்ப மாட்டார்களா? அந்த நாலு வரியை அடித்தாள். "அவர்கள் தெருவில் உட்கார்ந்து, அவர்கள் பிணத்துக்கு முன்னால், நான் என் தாய்க்கு அழுதேன். அது அவர்களுக்குத் தெரியாது" என்று எழுதினாள். எழுதி முடித்துப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது பொய்.

தனுஷா அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பேர் பூமாலை, ஊர், வயசு எல்லாம் போட்டாள்.

"தொழிலு இன்னா போடறது? எழுத்துன்னு போடட்டுமா?"

"கரும்பு வெட்டுன்னு போடு. பொய் சொல்லக்கூடாது."

"கதைக்குப் பதிவு முடிஞ்சிபோச்சி. கவிதைக்கும் முடிஞ்சிபோச்சி. 'என் வாழ்க்கையிலிருந்து: உழைக்கும் பெண்கள் அரங்கு'ன்னு ஒண்ணுதான் மிச்சம்." தனுஷா தலையைத் தூக்கினாள். "ம்மா, இதுல உங்கம்மா செத்துப்போயிடுது. ஆயா அங்க குந்திக்கினு மல்லாட்ட உரிச்சிக்கினு இருக்குது."

வாசல் பக்கம் பூமாலையின் தாய் ஆண்டாள் மல்லாட்டைக் கடலையை உடைக்கும் சத்தம் பட்டு பட்டென்று கேட்டது.

"கதைதாண்டி. எழுதறதுன்னா அப்படித்தான்."

"கதைன்னா எடம் இல்லன்னு சொல்றன் இல்ல? கீழ கேக்கறான் பாரு. 'இது என் சொந்த அனுபவம். ஆம், இல்லை.' இன்னா அமுக்கட்டும்?"

ஒரு மல்லாட்டை உடைந்தது. இன்னொன்று உடைந்தது.

"ஆமான்னு போடு" என்றாள் பூமாலை.

ஒரு வாரத்தில் போன் வந்தது. மாநாடு நடத்துகிற அறிவுச்செல்வன் என்பவர் பேசினார். "தோழர், உங்க எழுத்தப் படிச்சிட்டு எங்க குழுவே கண் கலங்கிடுச்சி. மாநாட்டு மலர்ல போடறோம். ஞாயித்துக்கிழமை காலைல நீங்கதான் மொதல்ல படிக்கிறீங்க" என்றார். பூமாலை கரும்புக் கட்டு மேல் உட்கார்ந்தபடி "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மாள் பக்கத்திலேயே நின்று முழுசும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் தோட்டத்துக்கே கேட்கிற மாதிரிக் கூவினாள்.

"யோவ் மேஸ்திரி! எங்க ஜோடி மேடை ஏறுது! ஞாயித்துக்கிழம நாங்க லீவு!"

"ஒருத்திதான ஏறுறா, நீ எதுக்கு லீவு?" என்றான் வெங்கடேசன்.

"பேருதான் ஒருத்தி. ஆளு ரெண்டு. உன் நோட்டப் போய்ப் பாரு."

பூமாலை இதை எதிர்பார்க்கவில்லை. தனியாகப் போய் வந்துவிடலாம், பெரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, மலர் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தாள். இப்போது அவளே வருகிறேன் என்கிறாள். வராதே என்று எந்த வாயால் சொல்வது?

"இன்னாடி எழுதியிருக்க? சொல்லேன்" என்று கேட்டாள் பெரியம்மாள், கட்டுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டே.

"கரும்பு வெட்டறதப் பத்திக்கா."

"நான் வர்றனா அதுல?"

"கொஞ்சம் வர்ற."

"இன்னான்னு? கோணப் பல்லுக்காரின்னா? ஏண்டி மூஞ்சி அப்படிப் போவுது, சும்மா கேட்டன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை வெட்டு முடிந்து கை கழுவும்போது சொல்லலாம் என்று இருந்தாள். பெரியம்மாள் அவளுக்கென்று கனகாம்பரம் தொடுத்துக் கொண்டுவந்து கையில் வைத்தாள். அதற்கு மேல் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பெரியம்மாளை உட்காரவைத்தாள். பின்னால் கல்வராயன் மலை நீலமாக நின்றது. மலை கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் நேரம் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிடணும் என்று மனசுக்குள் கெடு வைத்தாள். பெரியம்மாள் புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வந்த யாரோ ஒரு பெண்ணிடம், "எங்க ஜோடி பேசப் போவுது, மைக்குல" என்று சொன்னாள். மலை சின்னதாகிக்கொண்டே வந்து ஒரு வளைவில் மறைந்துபோனது.

மண்டபத்து வாசலில் மேஜை போட்டு இலக்கியா என்ற பெண் உட்கார்ந்து பேர் பதிந்துகொண்டிருந்தாள். பூமாலையின் பேர் பட்டியலில் இருந்தது. கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கூட வந்த அம்மா பதிவு பண்ணியிருக்காங்களா?" என்றாள்.

"இவ பேருல பண்ணியாச்சி பாப்பா" என்றாள் பெரியம்மாள். "ஒரு கத்திக்கு ஒரு பேருதான?"

இலக்கியாவுக்கு விளங்கவில்லை. "இங்க ஆளுக்கு ஒரு பேரும்மா."

"ஆளுக்கு ஒண்ணா! ஜாஸ்தியா இருக்குதே."

"உங்க பேர் சொல்லுங்க. நீங்க எழுத்தாளரா, பார்வையாளரா?"

"ரெண்டும் இல்ல, நான் ஜோடி."

இலக்கியா சிரித்துவிட்டு, ஒரு அட்டையில் தடித்த பேனாவால் எழுதி, கீழே பார்வையாளர் என்று போட்டுக் கொடுத்தாள். பெரியம்மாள் அதை முந்தானையால் துடைத்துவிட்டுப் பூமாலையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"என் பேரா இது? படி."

"பெ-ரி-ய-ம்-மா-ள்" என்று விரல் வைத்துப் படித்தாள் பூமாலை.

"இவ்வளோ நீளமா இருக்குதா என் பேரு! உன்னுதுல இன்னா போட்டிருக்குது, பேருக்குக் கீழ?"

"எழுத்தாளர்னு."

"பின்ன" என்றாள் பெரியம்மாள், தானே அந்தப் பட்டத்தைக் கொடுத்தது மாதிரி. பூமாலைக்கு அந்த அட்டையின் கயிறு கழுத்தை அறுத்தது.

உள்ளே முந்நூறு நாற்காலி. மேடையில் பேனர். பெரியம்மாளை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டு, மேடையோரம் நின்ற அறிவுச்செல்வனிடம் ஓடினாள். நாற்பது வயசுக்காரர், கையில் மலர்க் கட்டு.

"சார், நான் அத படிக்கல. மாட்டப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கன். அத படிச்சிடறன்."

"இன்னா தோழர், பயமா? மொத தடவ எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். உங்க எழுத்து அச்சே ஆயிடுச்சி, பாருங்க" என்று மலரைப் பிரித்துக் காட்டினார். அவள் பேர். அதற்குக் கீழே அந்தப் பொய். "தண்ணி குடிச்சிட்டு வாங்க." அவளை மேடைமேல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவரே மைக்கைப் பிடித்தார்.

"தோழர் பூமாலை கரும்பு வெட்டுகிற கூலித் தொழிலாளி. நாற்பது வயசுக்கு மேல எழுத்து கத்துக்கிட்டவங்க. இவங்க தாய் செத்த அன்னிக்கு, அந்தச் சாவுக்குப் போகாம, பெரிய வூட்டு சாவுக்குப் போய்த் தெருவுல குந்தி அழுதவங்க. அந்த அழுகை யாருக்கானதுன்னு அவங்களே சொல்லுவாங்க."

பூமாலை மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அந்த நேரம் வரைக்கும் பெரியம்மாளின் முகத்தில் சிரிப்பு இருந்தது. சிரிப்பு போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. சட்டியில் ஒட்டிக் காய்ந்த கூழ் மாதிரி.

பூமாலை படித்தாள். எப்படிப் படித்தாள் என்று தெரியாது. எழுத்து எழுத்தாக விரல் ஓடியது, குரல் யாருடையதோ மாதிரி வந்தது. கடைசி வரிக்கு மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. தட்டாதவள் ஒருத்திதான். அவள் கழுத்து அட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி கேட்கலாம் என்றார் அறிவுச்செல்வன். பின்வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். "எனக்கு உளுந்தூர்பேட்டை பக்கம். களமருதூர்" என்று ஆரம்பித்தார். பெரியம்மாளின் பிறந்த ஊர். "எழுத்து நல்லா இருக்குதும்மா. ஆனா நான் ஒண்ணு கேக்கறன். பெத்தவ செத்துட்டான்னு தெரிஞ்சும், போவாம இன்னொரு வூட்டு வாசல்ல போய் குந்த எப்படி மனசு ஒப்புச்சி உனக்கு?"

என்னுது இல்லீங்க என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, யாருது? கூட வந்தவள் யார் என்று வாசலில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் கழுத்தில் பேர் தொங்குகிறது. கேட்கிறவர் களமருதூர்க்காரர், பச்சமுத்துவைத் தெரியாமலா இருக்கும்? திருடியதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றாலும், ஊர் நடுவில் வைத்து அவள் தலையிலேயே போட்டுடைக்கிற மாதிரி ஆகிவிடும்.

"தப்புதாங்க" என்றாள் பூமாலை. "நான் பண்ணது தப்பு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கு ராத்திரிக்குள் இது நாலு ஊருக்குப் போகும், பெத்தவளை விட்டவள் என்று தன்னைத்தான் பேசுவார்கள், பேசட்டும் என்று பூமாலை நினைத்தாள். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. இலக்கியா மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெரியம்மாள் எழுந்து நின்றாள். மைக்கைக் கரும்பு பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள்.

"நான் பார்வையாளருங்க" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். "ஏம்மா எழுத்தாளரே. அங்க குந்திக்கினு உங்கம்மாவுக்கு அழுதன்னு எழுதியிருக்க. நெசமா யாருக்கு அழுத?"

தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னவள், இப்போது நேருக்கு நேர் முகம் பார்த்துக் கேட்டாள். பூமாலை கையில் இருந்த மலரை மூடினாள்.

"அந்த வூட்டம்மாவுக்குத்தாங்க" என்றாள். "எனக்குப் பாலு ஊத்துனவங்க அவங்க. அவங்களுக்குத்தான் அழுதன். இங்க படிச்சா நல்லா இருக்காதுன்னு மாத்தி எழுதிட்டன்."

"உங்கம்மாவுக்கு?"

"இன்னும் அழல."

யாரும் கை தட்டவில்லை. அறிவுச்செல்வன் அவசரமாக மைக்கைக் கிட்டே இழுத்தார். "அதாவது தோழர் என்ன சொல்ல வர்றாங்கன்னா, அடிமைத்தனம் எப்படி மனசுக்குள்ளயே போய்..."

"சார்" என்றாள் பெரியம்மாள், இன்னும் மைக்கைக் கொடுக்காமல். "அவங்க சொல்ல வந்தத சொல்லிட்டாங்க. நீங்க குந்துங்க."

மத்தியானம் பிரியாணி போட்டார்கள். பூமாலை இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெரியம்மாள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கை கழுவிவிட்டு வந்து இலக்கியாவிடம் மலர் ஒன்று கேட்டு வாங்கி, முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"எட்டு வருசமா உன் பேருக்குள்ள இருந்தன் பூமால. ஒரு நாளும் இடிக்கல. இன்னிக்குத்தான் இடிச்சிது."

"யக்கா, நான்..."

"சும்மா இரு. நீ பேசனதெல்லாம் போதும் இன்னிக்கு." கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்தாளு கேட்டப்ப என்ன கைகாட்டிடுவியோன்னு பாத்தன். காட்டல. அது ஒண்ணு. ஆனா அது ஒண்ணுதான்."

கச்சிராயபாளையம் பஸ் நின்றது. பெரியம்மாள் அதில் ஏறவில்லை. உளுந்தூர்பேட்டை பஸ் பக்கம் திரும்பினாள்.

"எங்கக்கா போற?"

"அண்ணன் வூட்டுக்கு. தப்பு என்னுது என்னுதுன்னு பதினஞ்சு வருசமா தலையில அடிச்சிக்குது அது. அது பையன் படிப்பான், இத படிக்கச் சொல்றன். நீ மாத்துன அந்த ஒரு எடத்துல நிறுத்தச் சொல்லி, நான் வாயால சொல்லிக்கறன்."

"நானும் வர்றன்க்கா."

"நீ எதுக்கு? அது உன் சாவு இல்ல."

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பூமாலை நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

வூட்டுக்குப் போனபோது ஆண்டாள் வாசலிலேயே காத்திருந்தாள். மகள் மேடை ஏறியதைக் காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் போல, பக்கத்து வூட்டுப் பெண்களும் நின்றார்கள். "இன்னா எழுதுன? அம்மாவப் பத்தியா? தனுஷா ஒண்ணும் சொல்லமாட்டங்குது. படி, கேக்கறன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கிற பெத்தவள் முன்னால் அவள் செத்துப்போனதை எப்படிப் படிப்பது? பூமாலை மலரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டுக் கதையை மனப்பாடமாகச் சொன்னாள். தனுஷா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண்டாள் மாட்டுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெரியம்மாள் வெட்டுக்கு வரவில்லை.

"ஜோடி எங்க?" என்றான் வெங்கடேசன்.

"ஊருக்குப் போயிருக்குது. நான் ஒண்டியா வெட்டறன். பேர மட்டும் பெரியம்மாள்னு எழுது."

"வராத ஆளு பேரையா? உனக்கு இன்னா மேடை ஏறனதுல புத்தி கெட்டுபோச்சா?"

"எட்டு வருசமா வந்த ஆளு பேர எழுதலியே நீ. அதுக்கு எழுது."

அவன் தலையைச் சொறிந்தான். எழுதினானா இல்லையா என்று அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு லேசாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. தானே வெட்டி, தானே உரித்து, தானே கட்டினாள். பொழுது சாய்ந்தபோது பாதிச் சால்கூடப் போகவில்லை. செவ்வாயும் அப்படித்தான். பின்னால் யாராவது வருகிற சத்தம் கேட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காற்றில் தோகை உரசுகிற சத்தம்.

புதன்கிழமை விடிந்து வெயில் ஏறும் நேரம் பெரியம்மாள் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. கழுத்தில் அந்த அட்டை இல்லை. பூமாலை எழுந்து நின்றாள். "சாப்ட்டியாக்கா?" என்றாள்.

பெரியம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. பூமாலைக்கு அது எந்த அழுகையில் கட்டிய தொண்டை என்று புரிந்தது. காலனியில் எத்தனை சாவு பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அழுகையில் இப்படிக் கட்டாது. ரெண்டு நாள், விடாமல் அழுதிருக்க வேண்டும்.

"யக்கா" என்று கிட்டே போனாள்.

பெரியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். கீழே கிடந்த கத்தியை எடுத்தாள். சாலில் இறங்கிக் குனிந்து முதல் கரும்பை அடியோடு வெட்டிச் சாய்த்தாள். இன்னொன்று. இன்னொன்று. பூமாலை பின்னால் போய்ச் சோகையை உரிக்க ஆரம்பித்தாள். ஒரு கட்டு சேர்ந்தது.

முதுகு திரும்பியபடியே பெரியம்மாள் பேசினாள். காற்றுக் குரலில், தோகைச் சத்தத்தோடு சத்தமாக.

"இதயும் எழுதிடாத."

"எழுத மாட்டன்க்கா. சத்தியமா."

பெரியம்மாள் வெட்டிக்கொண்டே முன்னால் போனாள். பூமாலை தலை நிமிராமல் உரித்தாள். உரிக்க உரிக்க, வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள். முதல் வரி அதற்குள் மனசில் வந்துவிட்டிருந்தது.